ஆறரை வயது மகள், பேலன்ஸ் வீலைக் கழற்றியதும் சைக்கிள் பக்கமே வர மறுக்கிறாள்

உத்திரவீதி அம்மா
ஏப்ரல் 27, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

மகளுக்கு ஆறரை வயது. நாலாவது பிறந்தநாளுக்குத் தாத்தா வாங்கித் தந்த 16 இஞ்ச் சைக்கிள் இருக்கிறது. இரண்டு பக்கமும் பேலன்ஸ் வீல். இரண்டரை வருடமாக வீட்டு வாசலில் அதில்தான் பறக்கிறாள். கீரைக்காரம்மா கூடையோடு வந்தால் பெல் அடித்தே ஓரங்கட்டிவிடுவாள். இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே, கழற்றிவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை இவர் ஸ்பேனரை எடுத்தார். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "அப்பா விடாதே, விடாதே" என்று அவள் கத்த, "விடலைம்மா, பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டார். அப்பாவின் குரல் தூரத்திலிருந்து வருகிறதே என்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். முழங்கையில் தோல் உரிந்து, மண் ஒட்டி, டெட்டால் வைத்துக் கழுவும்போது தெருவே கூடிவிட்டது.

அன்றிலிருந்து சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அடுத்த வாரம் என் அண்ணன் மகன் லீவுக்கு வருகிறான். அவனுக்கு ஐந்து வயது, இரண்டு சக்கரத்தில் ஓட்டுகிறான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாமியார், "நாலு சக்கரத்துல நல்லாத்தானே ஓட்டிட்டிருந்தா, மறுபடி மாட்டிக் குடுத்துடுங்க" என்கிறார்.

மாட்டலாமா, கூடாதா? மாட்டாவிட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது?


பஞ்சர்கடை மகன்
ஏப்ரல் 27, இரவு 10.35

மாட்டாதீர்கள். இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெடலையும் கழற்றிவிடுங்கள்.

எங்கள் அப்பா 30 வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்தால் பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, ஓவராயிலுக்கு வந்த வண்டியைப் பிரித்துப் பால்ரஸ்ஸை மண்ணெண்ணெயில் கழுவுவது எல்லாம் நான்தான். அந்தப் பாத்தியதையில் சொல்கிறேன், பேலன்ஸ் வீல் என்று பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேலன்ஸைத் தவிர மற்றதையெல்லாம் அது சொல்லித் தரும். மிதிக்கக் கற்றுத் தரும், பெல் அடிக்கக் கற்றுத் தரும், கீரைக்காரம்மாவை விரட்டக் கற்றுத் தரும். வண்டி சாயும்போது என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் வண்டி சாயவே சாயாது. உங்கள் மகள் இரண்டரை வருடம் ஓட்டியது சைக்கிள் வடிவத்தில் இருக்கும் ஒரு நாலு சக்கர வண்டியைத்தான். கழற்றிய அன்று அவள் கையில் கொடுத்தது புத்தம் புது வாகனம். விழாமல் என்ன செய்வாள்?

செய்ய வேண்டியது இதுதான். 15ஆம் நம்பர் ஸ்பேனர் எடுத்து இரண்டு பெடலையும் கழற்றுங்கள். இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். இது தெரியாமல் பலம் போட்டு இன்னும் இறுக்கி வைப்பவர்கள்தான் அதிகம். ஸ்பேனர் மேலே பார்த்து நிற்கும்படி மாட்டி, பின்சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டுமே இறுகும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும், எது இடம் எது வலம் என்று மண்டையைக் குடைய வேண்டாம்.

அப்புறம் சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் பதிய வேண்டும், விரல் நுனி பட்டால் போதாது. நம் ஊரில் "வளர்ற பிள்ளைதானே" என்று சட்டையை வாங்குவது போலவே சைக்கிளையும் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். சட்டை பெரிதாக இருந்தால் மடித்து விடலாம், சைக்கிளை என்ன செய்வது? உங்களுடையது நாலு வயதில் வாங்கிய 16 என்பதால் இப்போது கச்சிதமாக இருக்கும்.

பெடல் இல்லாத வண்டியில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி உந்திப் போகட்டும். முதலில் நடப்பாள். பிறகு தானாகவே இரண்டு காலையும் தூக்கிச் சறுக்கப் பார்ப்பாள். யாரும் பிடிக்க வேண்டாம், யாரும் கூட ஓட வேண்டாம். முக்கியமாக அப்பா ஓட வேண்டாம்.


மாடித்தோட்டம்
ஏப்ரல் 28, காலை 6.15

நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. என் இரண்டு பையன்களும் பேலன்ஸ் வீலில்தான் பழகினார்கள். மாதம் ஒரு முறை அந்தச் சின்னச் சக்கரங்களை ஒரு விரல்கடை மேலே ஏற்றிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவை தரையைத் தொடவே இல்லை, பையன்களுக்குத் தெரியவும் இல்லை. கழற்றிய அன்று நேராக ஓட்டிப் போனார்கள். குழந்தைக்குத் தைரியம்தான் முதலில் வேண்டும். பெடலைக் கழற்றினால் "என்னைச் சின்னப் பிள்ளை ஆக்கிவிட்டார்கள்" என்று இன்னும் கோபம்தான் வரும்.


பஞ்சர்கடை மகன்
ஏப்ரல் 28, காலை 8.02

அண்ணா, நீங்கள் செய்ததும் அதேதானே? சக்கரம் தரையைத் தொடாமல் இருந்த கடைசி மாதத்தில்தான் பையன்கள் பழகினார்கள். முதல் பத்து மாதம் சும்மா. ஆனால் உங்கள் பொறுமைக்குக் கும்பிடு. எங்கள் கடைக்கு வருபவர்கள் மாட்டிய அன்றோடு அதை மறந்துவிடுவார்கள். ஒரு பக்கம் வளைந்து, வண்டி ஒருச்சாய்த்துக் கால் தாங்கி நடப்பது போல வரும்.


ரெட்டைமாட்டு வண்டி
ஏப்ரல் 28, காலை 10.20

இதில் விஞ்ஞானம் ரொம்ப எளிது. சுற்றுகிற சக்கரம் பம்பரம் மாதிரி தானே நிற்கும். வேகமாக ஓட்டினால் விழாது. குழந்தையிடம் வேகமாக மிதி என்று சொல்லிவிட்டால் முடிந்தது.


பௌதிக வாத்தியார்
ஏப்ரல் 28, மாலை 5.45

பம்பரக் கதையை நானும் 15 வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பாவம் கழுவ இப்போது ஒரு வாய்ப்பு.

சக்கரச் சுழற்சியால் கொஞ்சம் உதவி உண்டு, ஆனால் அதுதான் காரணம் என்பது நிற்காது. 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு விநோதமான வண்டி செய்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தோடும் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தைச் சேர்த்துப் பம்பர விளைவை அடித்துவிட்டார்கள். அப்படியும் அது ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது விழாமல் தானே போனது. "சயன்ஸ்" இதழில் வந்தது. அந்த வண்டி சாய்ந்த பக்கமே அதன் ஹேண்டிலும் தானாகத் திரும்பிக்கொண்டது. ஓட்டத் தெரிந்த நாமும் தெரியாமலே அதைத்தான் செய்கிறோம். வலப் பக்கம் விழப் போகிறதா, ஹேண்டிலை வலப் பக்கம் திருப்பினால் சக்கரங்கள் உடம்புக்குக் கீழே வந்துவிடும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடுவோமே, அது சாயும் பக்கம் கை ஓடுமே, அதே கதைதான்.

இப்போது பேலன்ஸ் வீலைப் பாருங்கள். வண்டி சாய முடியாது. ஹேண்டிலை வலப் பக்கம் ஒடித்தால் உடம்பு இடப் பக்கம் தூக்கி எறியப்படும். ஆட்டோ வளையும்போது நாம் எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொள்வது போல. இரண்டரை வருடம் இந்தப் பழக்கம் ஊறிய குழந்தைக்கு, சாய்ந்தால் எதிர்ப்பக்கம் இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் விழுவாள்.

வேகம் பற்றி ரெட்டைமாட்டார் சொன்னதில் உண்மை உண்டு, காரணம்தான் வேறு. மெதுவாகப் போனால் ஹேண்டிலை நிறையத் திருப்பினால்தான் சக்கரம் உடம்புக்குக் கீழே வந்து சேரும். கொஞ்சம் வேகத்தில் லேசாகத் தொட்டால் போதும். பயந்த குழந்தை மெதுவாகத்தான் போகும், மெதுவாகப் போவதுதான் கடினம். நியாயமில்லாத ஏற்பாடு.

இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன், வாத்தியார் வாய் சும்மா இருக்காது. உலகமே பெடல் இல்லாமல்தான் சைக்கிள் பழகியது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது, காலால் தரையை உந்திப் போவதுதான். பெடல் வந்தது 1860களில், பாரிஸில். மனிதகுலம் 40 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதை உங்கள் மகள் ஒரு வாரத்தில் முடிப்பாள்.


நல்லூரான்
ஏப்ரல் 28, இரவு 8.10

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே "சைக்கிள் ஓட்டினேன்" என்று சொல்லமாட்டோம், "ஓடினேன்" என்போம். பிழை பிடிக்க வேண்டாம்.

90களில் நாங்கள் ஓடப் பழகிய காலம் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவை மண்ணெண்ணெயில் ஓட, மற்ற ஆக்கள் எல்லாரும் சைக்கிள்தான். நோயாளியும் சைக்கிளில், விறகும் சைக்கிளில். கரண்ட் இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறோம். பாட்டைக் கேட்டவர் ஒருவர், சுற்றினவர் நான். பிள்ளைகளுக்கென்று தனிச் சைக்கிள் யார் வாங்கினது? அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழால் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் வளைத்து ஓடினோம்.

இப்ப என் மகளுக்கு ஏழு வயது, போன வருடம் பழக்கினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிடிப்பதென்றால் பிள்ளையைப் பிடியுங்கோ, சைக்கிளைப் பிடிக்காதேங்கோ. சீட்டைப் பிடித்தால் சைக்கிள் உங்கட சொல்லைக் கேட்கும், பிள்ளைக்கு அது எந்தப் பக்கம் சாயுது என்று விளங்காது. ஹேண்டிலைப் பிடித்தால் அதைவிட மோசம். பின்னால் நின்று இரண்டு கைகளையும் பிள்ளையின் அக்குளுக்குக் கீழே சும்மா வையுங்கோ. இறுக்க வேண்டாம். பிள்ளை விழப் பார்த்தால் தூக்கலாம், மற்ற நேரம் அதன்பாட்டில் ஓடட்டும். முதுகுதான் கொஞ்சம் நோகும்.

கையை எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுங்கோ. நான் "மூன்று எண்ணுவேன், எடுப்பேன்" என்று சொல்லுவேன். அவள் "வேண்டாம்" என்றால் எடுக்கமாட்டேன். உங்கட மகளுக்குச் சைக்கிளில் பயம் இல்லை, அப்பாவின் கையில்தான் சந்தேகம் வந்திருக்கு.


உத்திரவீதி அம்மா
ஏப்ரல் 29, இரவு 10.05

நல்லூரான் அண்ணா, உங்கள் கடைசி வரியை இவரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய், தூங்கப் போனவளிடம் "அன்னிக்கு அப்பா பொய் சொல்லிட்டேன், ஸாரி" என்றார். அவள், "தெரியும். உன் குரல் சின்னதா கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெடல் விஷயம்: வலது பக்கம் சுலபமாக வந்துவிட்டது. இடது பக்கம் மட்டும் வரவில்லை. பஞ்சர்கடை மகன் சொன்னதை நான் படித்துக்காட்ட, "எனக்குத் தெரியாதா" என்று இவர் முழு பலத்தோடு முன்பக்கம் தள்ளினார். எவ்வளவு இறுகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி ஒரே தள்ளு. 20 ரூபாய் வாங்கினார், கூடவே இவரை ஒரு பார்வையும் பார்த்தார்.


ஈஸ்ட்கோஸ்ட் அப்பா
ஏப்ரல் 30, காலை 7.30

சிங்கப்பூரிலிருந்து. இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வார இறுதியில் போனால் பத்தடிக்கு ஒரு அப்பா குனிந்தபடி ஓடிக்கொண்டிருப்பார். நானும் ஓடியிருக்கிறேன்.

இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். புல்தரை மெத்தை மாதிரி, விழுந்தால் வலிக்காது என்று அங்கே கூட்டிப் போவோம். ஆனால் புல்லில் சக்கரம் உருளாது. குழந்தை உந்தி உந்திக் களைத்துப்போகும், சறுக்கும் சுகமே கிடைக்காது. கெட்டியான தரை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சரிவு, சரிவு முடியும் இடத்தில் சமதளம். அதுதான் வேண்டும். மணல் வேண்டவே வேண்டாம்.

ஹெல்மெட்டும் வாங்கிவிடுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் முன் விளிம்பு நிற்க வேண்டும். வார் இரண்டும் காதுக்குக் கீழே சேர வேண்டும், மாட்டியபின் தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல்தான் போக வேண்டும். பாதிப் பிள்ளைகள் அதைக் கல்யாணத் தலைப்பாகை மாதிரிப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும். நெற்றி முழுக்கத் திறந்து கிடந்தால் அது எதற்கு?


ரெட்டைமாட்டு வண்டி
ஏப்ரல் 30, காலை 9.12

ஹெல்மெட்டா! நாங்கள் வாடகை சைக்கிள் எடுத்து வாய்க்கால் வரப்பில் ஓட்டினவர்கள். அரை வண்டி கிடைக்காவிட்டால் பெரிய வண்டியில் குரங்குப் பெடல். முட்டியில் தழும்பு இல்லாத ஒருத்தன் எங்கள் வகுப்பில் கிடையாது. பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வளர்க்கிறீர்கள்.


பஞ்சர்கடை மகன்
ஏப்ரல் 30, காலை 9.40

முட்டித் தழும்பு பற்றி யாரும் கவலைப்படவில்லை அண்ணா. முட்டி ஆறிவிடும். வாய்க்கால் வரப்பில் எதிரே பைக் வராது, இப்போது தெருவில் வருகிறது. ஒரே ஒரு வேண்டுகோள், அப்பாவின் பைக் ஹெல்மெட்டை எடுத்துக் குழந்தை தலையில் கவிழ்க்காதீர்கள். அந்தக் கனத்துக்குக் கழுத்து ஆடும், காதும் கேட்காது.

தலைக்காயத்தை விட நான் அதிகம் பார்த்த காயம் வேறு. பெரியவர்கள் கேரியரில் குழந்தையை உட்கார வைத்துப் போகும்போது கால் போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். கடை வாசலில் அந்த அலறலைக் கேட்டவன் மறக்கமாட்டான். சக்கரத்தை அறுத்துக் காலை எடுத்திருக்கிறோம்.


புதுகை மகள்
ஏப்ரல் 30, மதியம் 2.30

குழந்தைகள் பற்றிய பேச்சில் ஒரு பெரியவர் கதை. என் அம்மா சைக்கிள் பழகியது 31 வயதில்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். அம்மா அங்கன்வாடியில் வேலை. சாயங்காலமானால் மைதானத்தில் பெண்கள் கூட்டம். லேடீஸ் சைக்கிளுக்கு அவ்வளவு கிராக்கி, கிடைக்கவில்லை. அதனால் பாதிப் பேர் பார் வைத்த வண்டியில்தான் பழகினார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறார். கற்றுத் தந்தது எதிர்வீட்டுப் பெண், பதினாலு வயது. அம்மாவை "அக்கா, தரையப் பாக்காத, புளியமரத்தப் பாரு" என்று அதட்டுவாளாம். பிறகு அந்தப் பாரில்தான் என்னை உட்கார வைத்துப் பால்வாடிக்குக் கூட்டிப் போனார்.

எனக்கு மகன் பிறந்து அவனுக்குப் பழக்கும்போது அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது அதே வாக்கியம். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவோம். உங்கள் மகளுக்கும் மைதானத்தில் ஒரு மரத்தைக் காட்டுங்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று இங்கே இன்னும் யாரும் எழுதவில்லை. மகிழ்ச்சி.


உத்திரவீதி அம்மா
மே 3, காலை 9.15

நான்கு நாள் கணக்கைச் சொல்கிறேன்.

முதல் நாள் வரவே இல்லை. சைக்கிளை நான் மட்டும் தள்ளிக்கொண்டு போய் மைதானத்து மேடை மேல் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கிண்டலாக இருக்கலாம், ஆனால் வேறு வழி தோன்றவில்லை. இரண்டாம் நாள் கூட வந்தாள். "பெடல் எங்கே?" "அப்பா டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்." "அப்ப யாரும் தள்ள மாட்டீங்களா?" "மாட்டோம்." ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் பதிந்ததும் முகத்திலேயே ஒரு இளக்கம். அப்படியே வாத்து மாதிரி மைதானத்தை ஒரு சுற்று நடந்தாள். மாடித்தோட்டம் அண்ணா பயந்தது போலக் கோபமெல்லாம் வரவில்லை. "இது பெட்ரோல் இல்லாத ஸ்கூட்டி" என்று அவளே பெயர் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகும் சிமெண்ட் சரிவைக் கண்டுபிடித்தோம். நாலு விரல் உயரம்கூட இருக்காது. மேலேயிருந்து காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். பத்து முறை இறங்கியிருப்பாள். பதினோராவது முறையோ என்னவோ, செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு காலையும் தவளை மாதிரி விரித்துத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி போகிறாள். மூன்று நொடி இருக்கலாம். ஹேண்டில் இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாய் ஆடிக்கொண்டே இருந்தது, வாத்தியார் சொன்னாரே, துடைப்பம், அதே மாதிரி. இறங்கி வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே போனாள்.

இன்று காலை தூக்கிய கால் மைதானத்தின் பாதி தூரம் வரை இறங்கவில்லை. பெடலை மாட்டலாமா? அண்ணன் மகன் நாளைக்கு வருகிறான்.


பஞ்சர்கடை மகன்
மே 3, காலை 10.50

வளைவில் காலை ஊன்றாமல் வளைகிறாளா என்று பாருங்கள். வளைந்தால் மாட்டலாம். நாளைக்கு ஆள் வருகிறான் என்பதற்காக மாட்டாதீர்கள்.

மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் கையாலேயே சுற்றுங்கள். கையால் போகவில்லை என்றால் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம், ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டினால் பெடல் மாட்டும் கிராங்கின் மரை போய்விடும். பெடலிலேயே இடம், வலம் குறி இருக்கும்.

சீட்டை உடனே ஏற்றாதீர்கள். கிளம்புவதுதான் கஷ்டம், அதை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். வலது பெடல் மேலே வந்து சற்று முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம். அதன்மேல் காலை வைத்து ஒரே அழுத்து. வண்டி நகர்ந்துவிடும், இன்னொரு கால் தானாகப் பெடலைத் தேடிக்கொள்ளும். பெடல் அடியில் இருக்கும்போது கிளம்பப் பார்த்தால் எந்தப் பெரியவனும் கிளம்ப முடியாது.


எட்டரை
மே 3, இரவு 11.20

எல்லாம் படித்தேன். என் மகனுக்கு எட்டரை வயது, இன்னும் ஓட்டவில்லை. இங்கே எழுதியிருப்பது எல்லாவற்றையும் செய்தாயிற்று. அவனுக்குக் கை கால் ஒருங்கிணைவதே கொஞ்சம் தாமதம்தான், சட்டைப் பொத்தான் போட ஏழு வயது ஆனது. பயிற்சி போகிறோம். ஒரு வாரத்தில் முடியும், மூன்று நாளில் முடியும் என்று படிக்கும்போது கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை. அவன் பெடல் இல்லாத வண்டியில் ஒரு வருடமாகப் போகிறான், சந்தோஷமாகத்தான் போகிறான்.


பௌதிக வாத்தியார்
மே 4, காலை 6.00

"ஒரு வாரத்தில் முடிப்பாள்" என்று அளந்தவன் நான்தான். வாபஸ். சந்தோஷமாகப் போகிறான் என்றால் அவன் சைக்கிள் ஓட்டுகிறான் என்றுதான் நான் கணக்கு வைப்பேன். ட்ரைஸுக்குக் கடைசி வரை அதுதானே வண்டி.


நல்லூரான்
மே 4, காலை 8.25

எட்டரை, என் தம்பி பதினொரு வயதில்தான் ஓடப் பழகினவன். இப்ப அவன்தான் எங்கட வீட்டில் இன்னும் சைக்கிளில் வேலைக்குப் போற ஒரே ஆள்.


உத்திரவீதி அம்மா
மே 11, இரவு 9.30

கத்திரி வெயில் தொடங்கிவிட்டதால் காலை ஆறு மணிக்கே மைதானம். அண்ணன் மகன் வந்தவுடன் அவளுடைய வண்டியைப் பார்த்து "அய்ய, பெடலே இல்ல" என்றான். நான் பயந்துகொண்டே நின்றேன். அவள், "நீ பெடல் இல்லாம ஓட்டு பாப்போம்" என்றாள். அவனால் முடிந்தது, ஆனால் அவள் அளவுக்குத் தூரம் போக முடியவில்லை. அதோடு பேச்சு நின்றது.

ஏழாம் தேதி அவளே கேட்டாள், "பெடல மாட்டுங்க" என்று. கடைக்காரரிடமே மாட்டிக்கொண்டோம், இவர் ஸ்பேனரைத் தொடவில்லை. மைதானத்தில் இவர் அவள் அக்குளுக்குக் கீழே கை வைத்து நின்றார். "மூணு எண்ணட்டுமா?" "இரு." அரை நிமிஷம் கழித்து அவளே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டு மிதித்தாள். இவர் கையை எடுத்தாரா, அவள் கையிலிருந்து போனாளா என்று தெரியவில்லை. எதிர்க்கோடியில் வேப்பமரம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே போனாள், அதை நோக்கியே போனாள், அதன் மேலேயே போய் மோதினாள். புதுகை மகளின் அம்மாவிடம் சொல்லுங்கள், மரம் தூரமாக இருக்க வேண்டும் என்று. ஹெல்மெட் போட்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, எழுந்து சிரித்தாள்.

இப்போது ஒரே பிரச்சினை பிரேக். பிடிக்கவே மாட்டேன் என்கிறாள், பழைய பழக்கத்தில் இரண்டு காலையும் தரையில் தேய்த்தே நிறுத்துகிறாள். ஒரே வாரத்தில் செருப்பின் முன்பக்கம் பிளேடு மாதிரி தேய்ந்துவிட்டது. எப்படி மாற்றுவது?


பஞ்சர்கடை மகன்
மே 11, இரவு 10.10

பிடிக்க மாட்டேன் என்கிறாளா, பிடிக்க முடியவில்லையா? அவள் கையை ஹேண்டிலில் வைத்துப் பாருங்கள். விரல் பிரேக் லிவருக்கு எட்டாமல் இருக்கலாம். லிவர் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ பெரும்பாலும் இருக்கும், அதை உள்ளே முடுக்கினால் லிவர் ஹேண்டில் பக்கம் நெருங்கி வரும். எட்டிய பிறகும் கெட்டியாக இருந்தால் பிரேக் ஒயர் துருவேறியிருக்கும், புது ஒயர் போடச் சொல்லுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா, டயரில் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு வண்டியில் ஏறாமல், பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டே வரச் சொல்லி "பிடி" என்றால் பிடிக்க வேண்டும். பின் பிரேக்கை முதலில் பழக்குங்கள். தனியாக முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டாள்.


உத்திரவீதி அம்மா
மே 14, காலை 8.40

எட்டவில்லை! விரல் நுனிதான் லிவரில் பட்டுக்கொண்டிருந்தது. இரண்டரை வருடம் அவள் பிரேக்கே பிடித்ததில்லை என்பது இப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. கீரைக்காரம்மா ஏன் ஒதுங்கினார் என்பதும். ஸ்க்ரூவை முடுக்கி, ஒயர் மாற்றி, இன்று காலை கோடு போட்டுக் கோட்டில் நிற்கும் விளையாட்டு நடந்தது. பத்துக்கு ஏழு.

எல்லோருக்கும் நன்றி. கழற்றிய பேலன்ஸ் வீல் ஒரு ஜோடி, போல்ட்டோடு அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?


பஞ்சர்கடை மகன்
மே 14, காலை 9.05

பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள்.


மாடித்தோட்டம்
மே 14, காலை 9.20

போடாதீர்கள், எனக்கு வேண்டும். எலுமிச்சைத் தொட்டி கனக்கிறது, வெயிலுக்கு நகர்த்த முடியவில்லை. ஒரு ஜோடி வீட்டில் இருக்கிறது, இன்னும் ஒரு ஜோடி கிடைத்தால் நாலு காலுக்கும் சரியாகப் போகும். நான் திருச்சி வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.